சேர்க்கைக்கு முந்தின நாள்

“பேரு?”

“தியாமிகே.”

“அம்மா?”

“செத்துட்டாங்க.”

“அப்பா?”

“அவரும்தான். காய்ச்சல்.” எட்டு வயது தியாமிகே சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எஸ்நாத் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். “இளிச்சா இடம் குடுப்பாங்களாடி?”

வெளிநாட்டுத் தொண்டர்கள் மலாவி ஏரிக்கரையில் நடத்தும் பள்ளியில் அனாதைகளுக்கு மட்டும்தான் இடம். மதியம் களியும் பீன்ஸும் உண்டு. தாய் தகப்பன் உள்ள பிள்ளைக்குப் பசிக்காது என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ!

“மறுபடி சொல்லு. அப்பா எப்படிச் செத்தாரு?”

“காய்ச்சல்ல.”

மூலையில் மீன்வலையைத் தைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். “காய்ச்சல் வேணாம் எஸ்நாத். பக்கத்து வீட்டு லிம்பானியையும் அவன் மக காய்ச்சல்லதான் சாகடிச்சா. அவன் கல்லுக்குண்டாட்டம் மீன் வித்துக்கிட்டிருக்கான். நான் படகு கவுந்து செத்தேன்னு நம்ம மகள சொல்லச் சொல்லு.”

“அதுவும் சரிதான். என்னையும் அதே படகுல ஏத்திடுடி.”

தியாமிகேயின் சிரிப்பு நின்றது. அப்பாவையும் வலையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். “அப்பா ஏரிக்குப் போக வேணாம்!”

எஸ்நாத் அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

“இதான்டி வேணும். நாளைக்கு அவங்க முன்னாடியும் இப்படியே அழு.”