வான்கழுகு நான்காம் பாகம்

‘வான்கழுகு’ விண்வெளிச் சண்டை விளையாட்டின் நான்காம் பாகம் எப்படி இருக்க வேண்டும் என்று ரசிகர்களை எழுதச் சொல்லியிருந்தது நிறுவனம். முதலிடம் பெற்றவரைத் தேடி, தயாரிப்பாளர் ஷிராகியே கனசாவாவுக்கு வந்துவிட்டார்.

அவர் எழுதி அனுப்பியிருந்தது, சுட ஓர் எதிரிகூட இல்லாத விளையாட்டு. மூன்றாம் பாகத்தில் தோழர்கள் கைவிட்டுப்போன விமானி இருட்டில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். குரலைப் பிடித்துக்கொண்டு அவனைத் தேட வேண்டும். படித்த நாளிலிருந்து அந்தக் குரல் ஷிராகியைத் தூங்க விடவில்லை.

கதவைத் திறந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும்.

“ரின் இருக்காங்களா? பரிசு விஷயமா பேசணும்.”

“ரின் எங்க பூனையோட பேருங்க. எழுதினது என் வீட்டுக்காரர். சொந்தப் பேர்ல போட்டா பிரிக்காமலே தூக்கிப் போட்டுடுவீங்கன்னு பயந்தார்.”

“சேச்சே! இப்படி ஒருத்தர்தான் எங்களுக்கு வேணும். கையோட கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். கூப்பிடுங்க.”

அவள் விலகி வழிவிட்டாள். உள்ளே மாடத்தில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் இருந்த படத்தில் ஷிராகிக்குத் தெரிந்த முகம்.

ஒகுடா. முதல் மூன்று பாகங்களையும் உருவாக்கியவர். ‘உங்க கற்பனை வறண்டுபோச்சு’ என்று சொல்லி, போன வருடம் அவரை வேலையைவிட்டு அனுப்பியது ஷிராகிதான்.

“தபால்ல போட்ட மறுவாரமே போயிட்டார். உட்காருங்க,” என்றாள் அவள். “நீங்களே நேர்ல வருவீங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தார்.”