ஆரஞ்சு வயர்

"இந்தக் காலத்துல எவனாவது ஒரு வேலையை ஒழுங்கா முடிக்கிறானா? இந்த இன்டர்நெட் பெட்டி ரெண்டு மாசத்துல அஞ்சு தடவை படுத்திருச்சு. அவனை அனுப்புங்கன்னா உன்னை அனுப்பியிருக்காங்க. எங்க அந்த எலி தின்னி?"

கசோண்டே வாசலை மறித்துக்கொண்டு நின்றார். லுவான்ஷியா சுரங்கத்தில் முப்பத்தொரு வருஷம் செம்பு வெட்டிய உடம்பு. குரல் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

"ஜெரேயைத்தானே கேக்குறீங்க தாத்தா? அவரை ஆபீஸ்ல உக்கார வச்சிருக்கோம். நான் முவாபே, அவருக்கு மேலதிகாரி. ஒவ்வொரு தடவையும் ஆபீஸுக்கு நடந்தே வந்து எங்ககிட்ட கத்திட்டுப் போறீங்க. இந்த முறை நானே பார்த்துடலாம்னு வந்தேன்."

"நீ பெம்பா பொண்ணுதானே? அப்ப உன்னை வையக்கூட முடியாது." கிழவர் வழிவிட்டார்.

கசோண்டே பெம்பா இனம், ஜெரே ங்கோனி இனம். பெம்பாவுக்கும் ங்கோனிக்கும் ஒருவரையொருவர் வையும் கேலி முறை. அவர் அவனை எலி தின்னி என்பார், அவன் அவரைக் குரங்கு தின்னி என்பான். வையாமல் போனால்தான் கோபம் என்று அர்த்தம்.

முவாபே சுவரோரம் குந்தினாள். பெட்டியின் பச்சை விளக்கு நிற்காமல் மினுக்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சின்ன வயரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஆரஞ்சு வயர். இங்க மஞ்சள்தான் மாட்டணும்."

"கலர்ல என்ன இருக்கு?"

"உள்ள இருக்கிற கண்ணாடி இழை வேற தாத்தா. மஞ்சள்ல மயிரை விட மெல்லிசு. ஆரஞ்சுல அதைப்போல அஞ்சாறு மடங்கு தடிமன். மெல்லிசுலருந்து தடிமனுக்கு வெளிச்சம் தாராளமா போயிடும். தடிமன்லருந்து மெல்லிசுக்குள்ள நுழையறப்ப முக்காவாசி சிந்திடும்."

"கண்ணாடியில பேச்சு போகுதுங்கிறதையே நான் நம்பல. செம்புன்னா சரி."

"ஊர் பேசறது இந்தப் பெட்டிக்குக் கேக்கும். இது பேசறது ஊருக்குப் போய்ச் சேராது. அதான் பழுது."

"அதுல என்ன புதுசு? எத்தனையோ பேர் அப்படித்தான் இருக்காங்க," என்றார் கசோண்டே.

முவாபே கவனிக்கவில்லை. கையில் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "முப்பது நாளுக்குள்ள அதே வீட்டுல மறுபடி கெட்டுப்போனா, கடைசியா வந்தவரேதான் திரும்ப வரணும். எங்க ஆபீஸ் விதி அது. இந்த வயர் விஷயமெல்லாம் ஜெரேக்கு என்னை விட நல்லாத் தெரியும். தெரிஞ்சே மாட்டியிருக்கார். எதுக்குன்னுதான் எனக்குப் புரியல. அவர் மாட்டினதை நீங்க பார்த்திருந்தா சொல்லுங்க, இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிடுவேன்."

கசோண்டே பார்த்திருந்தார். ஜெரே முட்டி போட்டு உட்கார்ந்து, சீட்டியடித்துக்கொண்டே அந்த ஆரஞ்சு வயரை மாட்டினான். "பத்து நாள் தாங்கும் தாத்தா" என்று சிரித்தான். திமிர் என்று அன்றைக்கு நினைத்தார்.

வந்தால் கால் மணி நேர வேலை. அப்புறம் கொல்லையில் உட்கார்ந்து, இன்ஷிமாக் களியைப் பிடித்துப் பிடித்துக் கபென்டா மீன் குழம்பில் தோய்த்துப் பொழுது சாயும்வரை தின்பான். சிப்பாட்டாவில் இருக்கிற அம்மாவைப் பற்றிப் பேசுவான். "குரங்கு தின்ற கை சமைச்சாலும் ருசியாத்தான் இருக்கு" என்பான். இந்த ஊரில் அவன் கை நனைக்க வேறு வீடு கிடையாது. அது இப்போதுதான் கிழவருக்கு உறைத்தது.

"நான்தான் மாட்டினேன்," என்றார்.

"நீங்களா?"

"மஞ்சள் எனக்குப் பிடிக்கல. சந்தையில இது கிடந்துச்சு. வாங்கிட்டு வந்து மாட்டினேன்."

"எந்தக் கடையில?"

"கடைக்காரன் பரம்பரையையும் ஒப்பிக்கணுமா? நான் மாட்டினேன்னு எழுது. அவன் மேல தப்பில்லன்னு எழுது."

அவள் முகத்தில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அப்படியே எழுதினாள். ஜெரேயின் வேலை தப்பியது.

பையிலிருந்து புது மஞ்சள் வயரை எடுத்து மாட்டினாள். இரண்டு நிமிஷத்தில் விளக்கு மினுக்குவதை விட்டு நிலையாக நின்றது.

"இனிமே வருஷக்கணக்கா பழுது வராது தாத்தா. ஜெரே இந்தப் பக்கம் வர வேண்டிய வேலையே இருக்காது."

"ம்," என்றார் கசோண்டே. கொல்லையில் இரண்டு பேருக்கென்று ஏற்றிய உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"கடைசியா ஒண்ணு. உங்க போனை எடுங்க. டிவி இருந்தாலும் சரி. ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டுக் கிளம்புறேன்."

கிழவர் எழுந்து கொல்லைப் பக்கம் நடந்தார். "மெல்லிசாம், தடிமனாம். வெளிச்சம் சிந்துதாம். யார்கிட்ட கதை விடுறா..."

"தாத்தா, போனை எங்க வச்சிருக்கீங்க?"

அவர் உலை மூடியைத் திறந்தார். அந்த வீட்டில் போனும் கிடையாது, டிவியும் கிடையாது; பெட்டி வந்த நாளிலிருந்து அதில் மாட்டியிருந்தது ஜெரேயின் வயர் ஒன்றுதான்.