ஐந்து மணி வேட்டை

முதல் மழை பெய்து ஊர் குளிர்ந்திருந்தது. ஞானசேகரம் முற்றத்தில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். மகள் தர்சினி சப்பாத்து நாடாவை இறுக்கினாள்.

"அப்பா, இண்டைக்கு எங்கடை பைனல். வேட்டையைக் கொஞ்சம் பிந்தி வைக்கேலாதோ?"

"ஏலாது. சரியா ஐஞ்சு மணிக்கு அவ வந்திடுவா. வந்தால் நீங்கள் மைதானத்தை விட்டிட வேணும்."

"அவவிட்டைக் கேட்டுப் பாருங்கோவன்."

"நீயே கேள்," என்று சிரித்தார்.

ஐந்து மணிக்கும் ஆட்டம் சமநிலை. கடைசிப் பெனால்டி தர்சினியுடையது. பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தவள், ஒழுங்கை முனையில் குதிரை வருவதைக் கண்டாள். குதிரை மேல் அவ, கையில் வில்லோடு.

தர்சினி அந்தப் பக்கம் பார்த்து, "ஒரு நிமிசம்!" என்று கெஞ்சினாள். குதிரைக்கு முன்னால் வந்த ஞானசேகரம் சட்டென்று கையை உயர்த்தினார். குதிரை நின்றது.

பந்து வலைக்குள் பாய்ந்தது. குதிரை வாகனத்தைச் சுமந்து வந்த இளைஞர்கள் "கோல்!" என்று துள்ளியதில் அம்மனும் ஒருமுறை குலுங்கினாள்.

"ஞானசேகரம், ஏன் மறிச்சனீர்?" என்றார் பூசை ஐயர்.

"நானோ? அவவெல்லோ நிண்டு பார்த்தவ!"

ஐயருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பார்த்திட்டா. இனி அசுரன் எண்டு வெட்டுற அந்த வாழையைக் கொண்டுவந்து நடுங்கோ, வேட்டையைத் துவங்குவம்."