அழாத அம்மா

“பிள்ளையைத் தனியா விட்டுட்டுக் குளிக்கப் போற பொம்பளை கதவைத் தாழ் போட மாட்டாளா? நீயே சொல்லு,” என்றபடி உள்ளே வந்த சிசிடிவி அக்கா, நாற்காலியை டிவிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மாடிப்படியில் யார் ஏறினாலும் இறங்கினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அதற்காக அந்தக் குடியிருப்பில் வைத்த பெயர் அது. அவளுக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

பின்னாலேயே தச்சர் டிரில்லிங் மிஷினோடு வந்து வாசலில் உட்கார்ந்தார். ஏதோ ஒரு வீட்டில் கைக்குழந்தை காணாமல் போன செய்தி வந்ததிலிருந்து அவரால் இந்தக் கட்டடத்தை விட்டு நகர முடியவில்லை. வீட்டுக்கு வீடு சங்கிலித் தாழ்ப்பாள்.

“உனக்குத்தான் முதல்ல போட்டிருக்கணும். வீட்டுக்காரர் கப்பல்ல. நீ ஒண்டி, கையில பச்சைப் பிள்ளை. யார் பெல் அடிச்சாலும் சங்கிலியை மாட்டிட்டுத்தான் திறக்கணும். கேஸ்காரன், கூரியர்காரன், ஏன், நானா இருந்தாலும்.”

“சரிக்கா,” என்றாள் தையற்காரி.

தன் அக்கா வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போனவள் திரும்பி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. தையல் மிஷினுக்குப் போட்ட உறையை இன்னும் எடுக்கவில்லை. வெட்டாத துணிகள் மூலையில் குவிந்து கிடந்தன. உள்ளறைத் தொட்டிலில் பிள்ளை விட்டு விட்டுச் சிணுங்கிக்கொண்டிருந்தது.

“என்னடி, ஓயாம அழறான்? பால் பத்தலையோ?”

“கொடுத்துக்கிட்டேதான்கா இருக்கேன்.” தூக்கமில்லாமல் அவள் கண்கள் உள்ளே போயிருந்தன.

டிவியில், காணாமல் போன குழந்தையின் படம் வந்தது. துணியில் சுற்றிய சிவந்த முகம், இறுக மூடிய கண்கள்.

“பிறந்த அன்னிக்கு எடுத்த போட்டோவாம். எல்லாப் பிள்ளையும் அன்னிக்கு இப்படித்தான் இருக்கும். இதை வச்சு எவன் கண்டுபிடிப்பான்? எனக்கென்னமோ பெத்தவ மேலதான் சந்தேகம். காய்கறிக் கடையில எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. என் தம்பி பொண்டாட்டி சத்தியமே பண்றா.”

“அப்படி இருக்காதுக்கா.”

“உனக்கு உலகத்துல எல்லாருமே நல்லவங்க.”

அப்போது அந்தத் தாய் திரையில் வந்தாள். இத்தனை நாளில் இப்போதுதான் முதன்முறையாகப் பேச வந்திருக்கிறாளாம். தலை வாரிப் பின்னியிருந்தது. முகம் வறண்டு கிடந்தது. முன்னால் பத்திரிகைக்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு மைக்கை நீட்டினார்கள்.

“பார்த்தியா? ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல,” என்றாள் சிசிடிவி அக்கா.

அந்தத் தாய் யாருடைய கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. கேமராவை மட்டும் பார்த்தாள்.

“பசிச்சா கையை வாய்க்குக் கொண்டுபோவான். வயித்து வலின்னா காலை மடக்கி மடக்கி அழுவான். ரெண்டும் வேற. வலிக்கும்போது பால் கொடுத்தா இன்னும் அழுவான். பால் குடிச்சதும் தோள்ல போட்டு முதுகைத் தட்டணும். இவனுக்குக் கொஞ்சம் நேரமாகும். பொறுமையா தட்டுங்க. காதுக்குப் பின்னால தடிப்பு இருக்கு, அங்கே சோப்பு போட வேண்டாம்.”

“மருந்துக் கடைக்காரன் மாதிரில்ல ஒப்பிக்கிறா? பெத்தவ இப்படியா...”

அந்தத் தாய் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு, “நீங்களும் தூங்கியிருக்க மாட்டீங்க. அவன் தூங்கும்போது நீங்களும் கூடவே படுத்துத் தூங்கிடுங்க. உடம்பு கெட்டுடும்,” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தச்சர் மிஷினை எப்போது நிறுத்தினார் என்று யாரும் கவனிக்கவில்லை. சுத்தியலைக் கையில் பிடித்தபடி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிசிடிவி அக்கா ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

“இவ நம்மகிட்ட பேசலடி,” என்றாள், குரல் இறங்கிப்போய். “பிள்ளையைத் தூக்கிட்டுப் போனவகிட்ட பேசறா. ஒரு சாபம் விட்டாளா பாரு. ஏன் இப்படிப் பண்ணேன்னு ஒரு வார்த்தை கேட்டாளா? பெத்த வயிறு பத்தி எரியுது, எடுத்துட்டுப் போனவளைப் போய் தூங்குங்கறா. எப்பேர்ப்பட்ட மனுஷி. இவளைப் போய் நான் வாய்க்கு வந்தபடி பேசினேனே.”

தையற்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

“அழாதடி. பிள்ளை பெத்த உடம்பு, தாங்காது. நமக்கே இப்படின்னா அவளுக்கு எப்படி இருக்கும்?”

தச்சர் சங்கிலியை மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, சாமான்களை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

உள்ளே பிள்ளை வீறிட்டது. தையற்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். வெகு நேரம் அவள் வரவில்லை. வந்தபோது பிள்ளையைத் துவாலையில் சுற்றித் தோளில் போட்டிருந்தாள். மற்றொரு கையில் பால் புட்டியும் மாற்றுத் துணியும் வைத்த பை.

“என்ன, டாக்டர்கிட்டயா? இரு, செருப்பை மாட்டிக்கிட்டு நானும் வரேன்.”

“டாக்டர்கிட்ட இல்லக்கா.” அவள் பிள்ளையின் முதுகைப் பொறுமையாகத் தட்டினாள். “எனக்குப் பிறந்தது மூச்சே விடல. இவனை இவங்கம்மாகிட்டக் கொண்டுபோய்க் கொடுக்கணும், தனியாப் போக பயமா இருக்கு.”