ஒரே பந்தியில் இரண்டு எலிகள்

மகள் குழலியின் பிறவி ஈரல் நோயை அப்படியே சுமக்கும்படி ஆய்வகத்தில் உருவாக்கிய இரண்டு எலிகளை மருத்துவமனை கோமளவல்லியின் வீட்டுக்கே கொடுத்தனுப்பியிருந்தது. ஒன்றுக்குக் காபிச் சத்து கலந்த தண்ணீர். மற்றதற்கு வெறும் தண்ணீர். காபி எலி மட்டும் தேறினால் குழலிக்கும் அதே மருந்து.

மூன்று வாரம் கழித்து எலிகளின் ஸ்கேனைப் பார்த்த டாக்டருக்கு ஒரே ஆச்சரியம்.

“வெறும் தண்ணி குடிச்சதும் தேறியிருக்கே! அப்ப இது காபியால இல்லம்மா. பாப்பாவுக்கு வேண்டாம்.”

கோமளவல்லி அவசரமாகக் குறுக்கிட்டாள்.

“பக்கத்துல ஒண்ணு பாத்துட்டிருக்க, இன்னொண்ணுக்கு மட்டும் எப்படி டாக்டர் ஊத்துறது? ரெண்டுக்கும் காபித் தண்ணியே ஊத்திட்டேன்.”

டாக்டர் சிரித்துவிட்டு, புதிதாக இரண்டு எலிகளைக் கொண்டுவந்து வைத்தார்.

“இந்தத் தடவை எதுக்கு ஊத்தக் கூடாதுன்னு நீங்களே சொல்லுங்க.”

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டுமே குழலியைப் போலத் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தன.