எந்த முழங்கால்?

“முதல்ல பேரக் கேளுங்க. பாஸ்டர் வேலையில பாதி அதுதான்,” என்றார் நெகேமியா.

ஹாலிஎலைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டச் சபையில் பதினோரு வருடம் பாஸ்டராக இருந்தவர். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெலிமடைக்கு இடமாற்றம். அவர் இடத்துக்கு ஓர் ஆள் வியாழக்கிழமை வருவார் என்று தலைமைச் சபை சொல்லியிருந்தது. சொன்னபடி வியாழக்கிழமை காலை ஓட்டோவில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து இறங்கி, “உங்க சபையப் பத்திக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன் பாஸ்டர்” என்றதும் நெகேமியாவுக்கு உயிர் வந்தது.

புதிது புதிதாகச் சபைகள் முளைக்கிற காலம். தான் போன பிறகு அறுபது குடும்பமும் சிதறிவிடக் கூடாதே என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

“காலையில பேர் பதிய பெரட்டுல நிக்கிறப்ப பேசாதீங்க. வேலை பிரிக்கிற அவசரத்துல இருப்பாங்க. சாயந்தரம் கொழுந்து நிறுக்க வரிசையில நிப்பாங்க பாருங்க, அப்ப போங்க. முதுகுப் பாரத்த எறக்குனா மனசுப் பாரத்தையும் எறக்கிருவாங்க.”

வந்தவர் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

“பேரு மட்டும் போதாதுங்க. வீட்டு விசயமும் தெரியணும். நான் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன். இந்தா பாருங்க, மேட்டு லயத்து வீடு, இராக்கம்மா. முழங்கால் வலி. வேலையிலருந்து பேர வெட்டிருவாங்கன்னு பயந்து, கங்காணிக்கே தெரியாம மலையேறுது. என்கிட்ட மட்டுந்தான் சொல்லிச்சு.”

“எந்த முழங்கால் பாஸ்டர்?”

நெகேமியா நெகிழ்ந்துபோனார். பதினோரு வருடத்தில் இப்படி ஒரு கேள்வியைச் சபை மூப்பர்கள்கூடக் கேட்டதில்லை.

“வலது. இப்பிடிக் கேக்குற ஆளத்தான் நான் ஜெபத்துல கேட்டுக்கிட்டிருந்தேன்.”

“அடுத்தது வீரய்யாவா?”

“ஆமா. மகன் சுரேஸ் கொழும்புல. ஆறு மாசமா ஒரு போன் இல்ல. மனுசன் வெளியில காட்டிக்க மாட்டாரு.”

“கொழும்புல எங்க?”

“வெள்ளவத்தையில, ஒரு துணிக்கடையில.”

அறுபது வீட்டையும் முடிக்க மத்தியானம் ஆனது. வழியனுப்ப வெளியே வந்த நெகேமியா, ஓட்டோவுக்குள் ஆளுயர சவுண்ட் பொக்ஸ் இரண்டு இருப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

“இது எதுக்குங்க? நம்ம சபையில நான் தும்முனாலே கடைசி பெஞ்சுக்குக் கேக்கும்.”

“எனக்குத் தேவைப்படும் பாஸ்டர். ஒரு ஜெபம் பண்ணி அனுப்புங்க.”

நெகேமியா அவர் தலையில் கை வைத்து, இந்த மகனுடைய வாய்க்கு வல்லமை கொடும் ஆண்டவரே என்று மனமுருக ஜெபித்தார்.

ஞாயிறு காலை சபை நிறைந்திருந்தது. மணியடித்துவிட்டு நெகேமியா புதிய பாஸ்டருக்காக வாசலில் காத்திருந்தபோது, பெட்டியும் கையுமாக வேறொருவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

“மன்னிச்சுக்குங்க பாஸ்டர். வியாழக்கிழமையே வந்திருக்கணும். பண்டாரவளையில காய்ச்சல்ல விழுந்துட்டேன், உங்களுக்குப் போன் எடுத்தா லைன் கெடைக்கல. தலைமைச் சபை அனுப்புன ஆளு நான்தான்.”

“அப்ப வியாழக்கிழமை வந்தாரே, அவரு?”

“அப்பிடி யாரையும் அனுப்பலையே. அவரு பேரு என்னங்க?”

நெகேமியா அதைக் கேட்டிருக்கவில்லை.

கீழ் லயத்துப் பக்கமிருந்து ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கியது. வியாழக்கிழமை கேட்ட அதே குரல். “நம்ம புதுச் சபையோட மொத நாளு இது. ஆண்டவர் எனக்குக் காட்டுறார். மேட்டு லயத்துல ஒரு தாய். முழங்கால் வலி. வலது முழங்கால். பேரு இராக்கம்மா...”

முன் பெஞ்சிலிருந்து இராக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“உங்களத் தவிர ஒரு ஆளுக்கும் இது தெரியாது பாஸ்டர். ஆண்டவரே கூப்புடுறாரு, நான் கீழ போறேன்.”