இருபத்துநாலு வோல்ட்

“மோட்டார் போல்ட்டைக் கழட்டிடலாம்மா. வேற வழியில்ல,” என்றார் ஃபோர்மேன்.

“வேணாம், தொடாதீங்க!” அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அண்ணன் அந்த மெஷினை ஓட்டுபவன். தங்கை அதே பட்டறையில் எலக்ட்ரீஷியன். அரை மணி நேரத்துக்கு முன்பு கரண்ட் போய் வந்தது. கருவியைத் தாங்கி மேலும் கீழும் போகும் மெஷினின் தலை அப்போது நின்றதுதான். மோட்டாருக்குள் இருக்கும் பிரேக் இறுகப் பிடித்துக்கொண்டு, விடவே மாட்டேன் என்றது.

“அந்த பிரேக்தான் இப்போ தலையைத் தாங்குது சார். போல்ட்டைக் கழட்டினா முந்நூறு கிலோவும் பொத்துனு இறங்கிடும். முதல்ல ரெண்டு பக்கமும் ஜாக்கி வைங்க,” என்றாள் தங்கை.

ஃபோர்மேன் ஜாக்கிகளை வைத்து முட்டுக் கொடுத்தார். “உதவிக்குக் கூப்பிட்டவங்க வர்றதுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆகுமாம்,” என்றார், போனைப் பார்த்தபடி.

“அதுவரைக்கும் காத்திருக்க முடியாது.”

அவள் ஸ்டூலில் ஏறி மோட்டார் கனெக்டரில் மீட்டரை வைத்தாள். “இருபத்துநாலு வோல்ட் வந்தாத்தான் பிரேக் விடும். ஒன்பதுதான் வருது. உள்ளே பூரா கூலண்ட் தண்ணி ஊறிப் பச்சை பிடிச்சிருக்கு.”

“சின்ன வயசுல என் ரேடியோவைப் பிரிச்சு ஒழிச்சவதானே நீ?” என்றான் அண்ணன். மெஷினை விட்டு அவன் ஒரு அடி நகரவில்லை.

“வாயை மூடுண்ணா.”

“நிதானமாப் பண்ணு. நான் எங்கே ஓடிடப் போறேன்?”

அவள் சிரிக்கவில்லை. “மெயினை ஆஃப் பண்ணிட்டு, ரெண்டு வேன் பேட்டரியையும் கழட்டிக்கிட்டு வாங்க சார். பன்னெண்டும் பன்னெண்டும் இருபத்துநாலு.”

பேட்டரிகள் வந்தன. இரண்டையும் ஒன்றோடொன்று வயரால் இணைத்தாள். பிரேக் வயரை வெட்டி, முனைகளைச் சீவி, பேட்டரியில் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முனைகளை மறுபடி சுரண்டினாள். மறுபடி தொட்டாள்.

டக்.

“பிரேக் விட்டுடுச்சு! ஜாக்கியை ஏத்துங்க சார். மெதுவா... இன்னும் கொஞ்சம்...”

தலை ஒரு விரற்கடை மேலே எழுந்தது.

“இப்ப எடுண்ணா.”

மெஷின் தலைக்கும் இரும்பு மேசைக்கும் நடுவே இவ்வளவு நேரமும் சிக்கியிருந்த வலது கையை அண்ணன் மெல்ல உருவினான். வீங்கிக் கன்றிப்போயிருந்தது; ஆனால் ஐந்து விரல்களும் அசைந்தன.